பட்டா இல்லாத கண்டம்

மே 21, 2024, மேலூர்

நேற்று கொச்சியில் அண்டார்டிக் உடன்படிக்கை நாடுகளின் 46வது கூட்டம் தொடங்கியிருக்கிறது. பத்திரம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அங்கே என்ன வேலை? நிலம் என்று யார் பேசினாலும் காது அந்தப் பக்கம் போய்விடுகிறது. அந்தக் கண்டத்தில் ஏழு நாடுகள் பங்கு கேட்கின்றன. பிரிட்டனும் சிலியும் அர்ஜென்டினாவும் கேட்கும் பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. 1959 டிசம்பரில் 12 நாடுகள் வாஷிங்டனில் கையெழுத்திட்டபோது நாலாவது பிரிவில் முடித்துவிட்டார்கள்: கேட்டவன் கைவிட வேண்டாம், மற்றவன் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், புதிதாக யாரும் கேட்கக் கூடாது. எத்தனையோ பாகப்பிரிவினை எழுதியிருக்கிறேன். இப்படி ஒரு ஷரத்து எனக்குத் தோன்றியதில்லை.

மே 22

டீக்கடையில் மாமா மடக்கினார். "அப்ப நம்ம ஆளுக யாரு இடத்துல மாப்ள உக்காந்திருக்காக?"

நம் ஆராய்ச்சி நிலையங்களில் மைத்ரி நார்வே கேட்கும் பகுதியில் இருக்கிறது, 2012ல் வந்த பாரதி ஆஸ்திரேலியா கேட்கும் பகுதியில். இருவரிடமும் அனுமதி வாங்கவில்லை, வாடகையும் கிடையாது. ஆனால் உடன்படிக்கையில் வாக்குரிமை உள்ள எந்த நாடும் ஆள் அனுப்பி, எந்த நிலையத்தையும் எந்நேரமும் சோதிக்கலாம்.

"சொல்லாமக் கொள்ளாமயா?"

"ஆமா மாமா."

"அப்ப ஒருத்தனும் துப்பாக்கியைப் பதுக்க முடியாது."

மனுஷனுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

மே 26, ஞாயிறு

அலுவலகம் லீவு, வாஸ்தோக் பற்றிப் படித்தேன். அதே கண்டத்தில் சோவியத் நாடு அமைத்த நிலையம். 1983ல் அங்கே பதிவான குளிர் மைனஸ் 89.2 டிகிரி. பனியைத் துளைத்தவர்கள் ரஷ்யர்கள், விமானத்தில் ஏற்றி வந்தவர்கள் அமெரிக்கர்கள், ஆராய்ந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அதுவும் பனிப்போர் நடந்துகொண்டிருந்த 1980களிலேயே! பிற்பாடு அந்தப் பனியில் அடைபட்ட காற்றிலிருந்து சுமார் 4,20,000 ஆண்டுக் கணக்கைப் படித்தார்கள். அத்தனை காலத்திலும் கரியமில வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 300 பங்கைத் தாண்டவில்லை. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

மே 31

கூட்டம் நேற்று முடிந்தது. எல்லாம் இனிப்பு என்று சொல்ல முடியாது. கனடாவும் பெலாரஸும் வாக்குரிமை கேட்டன, கிடைக்கவில்லை. ஒருவர் மறுத்தாலும் நடக்காத சபை அது.

கீழவளவுப் பக்கம் குன்றுகளை அறுத்ததைப் பார்த்த ஊர் இது. அதனால் கடையில் பேச்சு கனிமத்துக்குத் தாவியது. 1991 மாட்ரிட் ஒப்பந்தம் அண்டார்டிகாவில் ஆராய்ச்சிக்குத் தவிர தோண்டுவதைத் தடுக்கிறது. "2048ல தடை முடியுதாமே?" என்றார் ஒருவர். முடியாது. அதற்குப் பிறகு மறுஆய்வுக் கூட்டம் கேட்கலாம், அவ்வளவுதான். மாற்றுச் சட்டம் ஒன்று நடைமுறைக்கு வராமல் தடையை எடுக்கவும் முடியாது.