வெர்டிக்கியோவும் அங்கோனாவின் மீன் குழம்பும்

ரோமையும் புளோரன்ஸையும் நோக்கிச் செல்லும் பயணிகளில் மிகச் சிலரே அப்பெனைன் மலைத்தொடரைக் கடந்து, அட்ரியாடிக் கடலோரத்தில் இருக்கும் மார்க்கே மாநிலத்துக்கு வருகிறார்கள். வெர்டிக்கியோ என்ற வெள்ளை ஒயினுக்காகவே நான் அங்கே போனேன். அதைத் தனியாக அருந்தி எடைபோடுவது முறையல்ல என்பதும், அது விளையும் மண்ணின் சமையலோடு சேரும்போதுதான் அதன் குணம் முழுமையாக வெளிப்படுகிறது என்பதும் அங்கோனாவின் உணவு மேசையில் எனக்குத் தெளிவாயிற்று.

துறைமுக நகரான அங்கோனாவிலிருந்து ரயிலில் சற்று உள்ளே போனால், எசினோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் யேசி நகரம் வருகிறது. புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் 1194இல் பிறந்தது இங்கேதான். ஒரு காலத்தில் யேசியின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த மதில் சூழ்ந்த சிற்றூர்களைக் குறிக்கும் 'காஸ்தெல்லி தி யேசி' என்ற பெயரே இந்த ஒயினுக்கும் அமைந்திருக்கிறது. சட்டப்படி இதில் குறைந்தது 85 விழுக்காடு வெர்டிக்கியோ திராட்சை இருக்க வேண்டும். பசுமை படர்ந்த வெளிர்மஞ்சள் நிறம், கூர்மையான புளிப்பு, விழுங்கிய பின் நாவில் தங்கும் மெல்லிய பாதாம் கசப்பு ஆகியவை இதன் அடையாளங்கள்.

அங்கோனாவின் 'ப்ரொதேத்தோ' என்னும் மீன் குழம்பில் பதின்மூன்று வகை மீன்கள் சேர வேண்டும் என்பது மரபு. கணவாய் போல வேக நேரம் பிடிப்பவற்றை முதலிலும், மென்மையான மீன்களை இறுதியிலும் இட்டு, தக்காளியும் வினிகரும் சேர்த்துக் கொதிக்கவிடுகிறார்கள். புளிப்பு மிகுந்த உணவோடு புளிப்புக் குறைந்த ஒயினை அருந்தினால் அந்த ஒயின் சாரமற்றுப் போய்விடும். வெர்டிக்கியோவின் புளிப்போ வினிகருக்கு ஈடுகொடுத்து நிற்கிறது; அதன் மணமும் அடக்கமானது என்பதால், ஒவ்வொரு மீனின் தனிச்சுவையும் மறையாமல் தெரிகிறது. இதைவிடப் பொருத்தமான இணையை நான் வேறெங்கும் சுவைத்ததில்லை.

நார்வேயிலிருந்து வரும், உப்பிடாமல் காற்றில் உலர்த்திய காட் மீனை உருளைக்கிழங்கு, தக்காளி, நிறைய ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றோடு நெடுநேரம் வேகவைக்கும் 'ஸ்தொக்கஃபிஸ்ஸோ'வும் இந்நகரின் பெருமைக்குரிய உணவு. அதைச் சமைக்கும் பாத்திரத்திலேயே வெர்டிக்கியோவை ஊற்றுகிறார்கள். எண்ணெயின் கனத்தை ஒயினின் புளிப்பு கழுவிவிட, அடுத்த கவளம் முதல் கவளத்தைப் போலவே சுவைக்கிறது. போர்த்தோநோவோ கடற்பாறைகளில் இயற்கையாக வளரும் 'மோஷியோலி' சிப்பிகளுக்கும் இதுவே ஏற்ற துணை.

மலைகளுக்கு இடையே கடற்காற்று எட்டாத மாத்தெலிக்கா பள்ளத்தாக்கிலும் இதே திராட்சை விளைகிறது. அங்கே இரவுகள் குளிர்ச்சியானவை. ஒயினும் இன்னும் இறுக்கமானது. காட்டுப் பெருஞ்சீரகமும் பூண்டும் திணித்துச் சுட்ட முயலிறைச்சியோடு அதை அருந்துகிறார்கள். இப்படிப்பட்ட இறைச்சி உணவுக்குக் குறைந்தது 18 மாதம் முதிர வைத்த 'ரிசெர்வா' வகையைத் தேர்ந்தெடுத்து, மிகையாகக் குளிரவைக்காமல் 12 டிகிரி அளவில் பரிமாறுவது நல்லது. மீன் குழம்புக்கு இளம் ஒயினே போதும். விலை உயர்ந்த புட்டியைத் தேட வேண்டியதில்லை.