பஸ்ஸில் தொலைந்த அப்பாவின் போன்: சிம், சி.எஸ்.ஆர், ஐஎம்இஐ

போன் தொலைந்தால் எல்லோரும் முதலில் போலீஸ் ஸ்டேஷனைத்தான் நினைக்கிறோம். அதற்கு முன்னால் சிம்மை முடக்க வேண்டும். திருச்சியில் டவுன் பஸ் கூட்டத்தில் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து போன் போனபோது, என் நம்பர் அவருக்கு மனப்பாடமாக இருந்தது பெரிய உதவி. பக்கத்தில் நின்றவரிடம் போன் வாங்கிக் கூப்பிட்டுவிட்டார். போனில் ஸ்கிரீன் லாக் இருந்ததால் பயமில்லை என்று அவர் நினைத்தார். ஆனால் எடுத்தவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுவிட்டால் அந்த லாக்கினால் ஒரு பயனும் இல்லை. வங்கி அனுப்பும் ஓடிபி எல்லாம் அவர் கைக்கே போகும். அப்பாவின் பென்ஷன் கணக்கு அந்த நம்பரோடுதான் இணைந்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிம்மை முடக்கியதும் போனில் இணையமும் போய்விடும், பிறகு இருப்பிடம் பார்க்க முடியாது. அதனால் முதலில் என் போனிலிருந்து தொலைந்த போனைத் தேட உதவும் கூகுளின் ஃபைண்ட் ஹப்பில் அப்பாவின் கணக்கைத் திறந்து பார்த்தேன். 'நீங்கள்தானா' என்று உறுதி கேட்கும் செய்தி தொலைந்த போனுக்கே போனது. நல்லவேளை, அவருடைய ஜிமெயில் வீட்டு டேப்லெட்டிலும் திறந்திருந்ததால் அதன் வழியாக உள்ளே போக முடிந்தது. கடைசியாகக் காட்டிய இடம் பஸ் போன வழியில் ஒரு நிறுத்தம். அதன் பிறகு போனை அணைத்துவிட்டார்கள். அங்கிருந்தே லாக் செய்யச் சொல்லிக் கட்டளை கொடுத்துவிட்டு, உடனே வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டு சிம்மை நிறுத்தச் சொன்னேன். அடுத்து வங்கிக்குப் பேசி யூபிஐயை முடக்கினோம். பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு அந்த நிமிடமே கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுக்க வாய்ப்பு அதிகம்.

டூப்ளிகேட் சிம் வாங்கப் போனபோதுதான் அடுத்த முடிச்சு. அப்பா பல வருடங்களாகப் பயன்படுத்தும் நம்பர் அம்மாவின் பெயரில் இருக்கிறது. அம்மாவே ஆதாரோடு நேரில் வர வேண்டும் என்றார் கடைப் பையன். முட்டிவலியோடு அம்மா வந்தார். "கேமராவப் பாருங்கம்மா, கண்ணச் சிமிட்டுங்க" என்று அந்தப் பையன் சொல்ல, வெளிச்சம் போதாமல் படம் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டது. கடைசியில் நாற்காலியை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் உட்கார வைத்து எடுத்ததும் சரியானது. அந்தப் பையன் கடைசி வரை பொறுமையாகவே இருந்தார். உங்கள் வீட்டில் யார் நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

புது சிம்மில் அழைப்பு வரும், ஆனால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. மோசடிக்காரர்கள் நம் பெயரில் சிம் வாங்கி ஓடிபி பிடிப்பதைத் தடுக்க வைத்த விதி அது. விதி நியாயமானதுதான். ஆனால் போனை முடக்கும் அரசு தளத்துக்கும் இந்த நம்பருக்கு வரும் ஓடிபிதான் தேவை, அதனால் அந்த ஒரு நாள் நாம் காத்திருந்தே ஆக வேண்டும்.

காத்திருந்த நேரத்தில் ஸ்டேஷனுக்குப் போனோம். பஸ்ஸில் தொலைந்ததால் எந்த எல்லை என்ற பேச்சு வந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். நான் அதைச் சொன்னதும் ஏட்டு புகாரை வாங்கிக்கொண்டார். ஆனால் "திருட்டுன்னு எழுதாதீங்க, காணாமப் போச்சுன்னு எழுதுங்க" என்றார். திருட்டு என்றால் எஃப்ஐஆர் போட வேண்டும், காணவில்லை என்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர் ரசீதோடு முடிந்துவிடும். பையிலிருந்து எடுத்திருக்கிறார்கள் என்று அப்பாவுக்கு உறுதியாகத் தெரிந்தும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். இது எனக்கு இன்னும் உறுத்துகிறது. திருட்டைத் திருட்டு என்று பதிவு செய்யாவிட்டால் ஒரு ஊரில் எத்தனை போன் திருடு போகிறது என்று யாருக்குத் தெரியும்?

புகாரிலேயே ஐஎம்இஐ எண், அதாவது போனின் தனி அடையாள எண், இருக்க வேண்டும். போன் கையில் இருந்தால் *#06# அழுத்தினால் போதும். இப்போது பெட்டியும் பில்லும்தான் கதி. பெட்டியை எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போட்டாயிற்று. பீரோவில் இருந்த பில்லில் எழுத்தெல்லாம் மங்கி, கடையின் பெயர் மட்டும் லேசாகத் தெரிந்தது. வாங்கிய கடைக்கே போய் மொபைல் நம்பரைச் சொன்னதும் கணினியில் தேடி பில்லை மறுபடி அச்சிட்டுக் கொடுத்தார்கள். இரண்டு சிம் போன் என்பதால் அதில் இரண்டு எண்கள், ஒவ்வொன்றும் 15 இலக்கம். இரண்டையும் முடக்க வேண்டும்.

பிறகு போனை முடக்கும் அந்த அரசு தளம், சஞ்சார் சாத்தி. மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் தொடங்கியது. உள்ளே சிஇஐஆர் என்ற பகுதியில் ஐஎம்இஐ, பில், சி.எஸ்.ஆர் நகல், அடையாள அட்டை, தொலைந்த இடம், தேதி எல்லாம் கொடுத்து ஓடிபி போட்டால் ஒரு கோரிக்கை எண் வரும். ஒரு நாளுக்குள் இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் வேலை செய்யாது. வைஃபையில் மட்டும் ஓடும். யாராவது அதில் சிம் போட்டுப் பார்த்தால் போலீசுக்குத் தகவல் போகும். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. அதனால்தான் 2025 கடைசியில் புது போன்கள் எல்லாவற்றிலும் சஞ்சார் சாத்தி செயலி இருந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், நல்லது. பயனுள்ள சேவையை மக்கள் தாங்களாகவே தேடி வருவார்கள்; தமிழில் நன்றாக விளம்பரப்படுத்தினாலே போதும்.

சில மாதங்கள் கழித்து ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. போன் கிடைத்துவிட்டது. யாரோ செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். பழைய போன் வாங்குபவர்கள் கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு ஐஎம்இஐயைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். அவர் அதைச் செய்திருந்தால் அவர் பணமும் தப்பித்திருக்கும்.

பில்லையும் சி.எஸ்.ஆரையும் காட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தோம். உள்ளே எல்லாம் அழிக்கப்பட்டிருந்தது, படங்கள் மட்டும் கூகுளில் பத்திரமாக இருந்தன. வீட்டுக்கு வந்து சிம்மைப் போட்டால் சிக்னல் இல்லை. "கெட்டுப் போச்சுப்பா" என்று அப்பா சோர்ந்துவிட்டார். கெடவில்லை, முடக்கம் தானாக நீங்காது. அதே தளத்தில் 'கிடைத்துவிட்டது' என்ற பகுதிக்குப் போய் பழைய கோரிக்கை எண்ணைக் கொடுத்து, மறுபடி ஓடிபி போட்டு விடுவிக்க வேண்டும். அந்த எண்ணை சி.எஸ்.ஆர் நகலின் பின்பக்கம் எழுதி வைத்திருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை.