இறக்கை முளைத்த பேரிக்காய்

லு ஆவ்ரிலிருந்து கிளம்பிய பேருந்து நார்மண்டி பாலத்தில் ஏறி இறங்கியதும் ஓன்ஃப்ளூர் வந்துவிட்டது. படகுத்துறை, மரத்தாலேயே கட்டிய தேவாலயம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று, பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தி 1866-இல் பிறந்த வீட்டுக்கு நேராக நடந்தேன். இப்போது அது அருங்காட்சியகம்.

இசைக்கலைஞர் வீடுதானே, பழைய மூக்குக்கண்ணாடியும் கடிதங்களும் இருக்கும் என்று நினைத்தேன். எதிரே நின்றதோ இறக்கையடிக்கும் ராட்சதப் பேரிக்காய்! சிரிப்பதா, பவ்யமாக நிற்பதா என்று புரியவில்லை. 'பேரிக்காய் வடிவில் மூன்று துண்டுகள்' என்று, ஒரே பியானோவில் இருவர் வாசிக்க, 1903-இல் எழுதி முடித்தவர் அவர். எண்ணிப் பார்த்தால் ஏழு இருக்கும். பிரெஞ்சுக் கொச்சையில் பேரிக்காய் என்றால் ஏமாளியும்கூட.

வெள்ளை அறை ஒன்றில் வெள்ளைப் பியானோ. வாசிக்க ஆளே இல்லை. கட்டைகள் தாமாகவே அமிழ்ந்து எழுகின்றன. அங்கேதான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாத்தியைப் புரிந்துகொள்ள ஓவியர்களிடம்தான் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றும். 1917-இல் 'பராட்' பாலேவுக்கு பிக்காசோ கியூபிச (உருவங்களைக் கோண வடிவங்களாக உடைத்துக் காட்டும் பாணி) உடைகள் செய்தபோது, இவர் இசைக்குள் தட்டச்சுப் பொறியும் துப்பாக்கிச் சத்தமும் கேட்டன (அந்த யோசனை கவிஞர் கொக்தோவுடையது). எனக்குப் பிடித்தது 1921-இல் நடந்தது. பாரிஸில் அமெரிக்கக் கலைஞர் மேன் ரேயின் கண்காட்சி. குளிர்கிறது என்றவரைக் காபி குடிக்க அழைத்துப் போனார் சாத்தி. திரும்பும் வழியில் ஒரு கடையில் இஸ்திரிப்பெட்டி, ஆணி, பசை வாங்க உதவினார். பெட்டியின் அடியில் வரிசையாக ஆணி. தேய்த்தால் துணி கிழியும். கலை மரபுகளைக் கேலி செய்த டாடா இயக்கத்தின் புகழ்பெற்ற பொருள்களில் ஒன்று அப்படித்தான் பிறந்தது. சாத்திக்கு அப்போது 55 வயது!

அவருடைய 'வெக்சேஷன்ஸ்' என்ற பியானோ இசை ஒரே பக்கம்தான். 840 தடவை வாசிக்க நினைப்பவருக்கு ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார். 1963-இல் நியூயார்க்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் பியானோ கலைஞர்களை முறைவைத்து உட்காரவைத்து அதை நடத்தியே காட்டினார். 18 மணி 40 நிமிடம் ஆயிற்று. கணக்குப் போட்டால் தடவைக்கு 80 வினாடி.

திரும்பும் பேருந்தில் அதைக் கைப்பேசியில் ஓடவிட்டேன். பாலத்தின் உச்சியில் ஒன்பதாவது தடவை. லு ஆவ்ரில் இறங்கும்போது இருபத்திரண்டு. சரி, இன்னும் 818 பாக்கி.