சாளை என்றாள், வாளை என்று கேட்டது

குளச்சலில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக்காக இருபது வருடம் ஓட்டியாச்சு. போன வருடம் வலது காதில் சில்வண்டு மாதிரி ஒரு சத்தம் பிடித்துக்கொண்டது. ராத்திரி வீடே தூங்கும், அது மட்டும் தூங்காது.

நாகர்கோவிலில் காது டாக்டரைப் பார்த்தேன். எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டுகிற ஆடியோகிராம் வரைபடத்தில் கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற ஒலிகள் இருக்கிற பக்கம், பள்ளத்தில் இறங்கியிருந்தது. எஞ்சின் இரைச்சலில் கிடந்தவர்களுக்கு அங்கேதான் முதலில் அடி விழுமாம். சரி, அந்தச் சத்தத்தை வேறொரு இரைச்சலால் மூடுகிற மாஸ்கர் கருவியைப் போட்டுப் பாருங்கள் என்றார்கள். காதுக்குப் பின்னால் மாட்டுகிற ஹியரிங் எய்டு போலத்தான் இருக்கும், மழை பெய்கிற மாதிரி ‘ஸ்ஸ்’ என்று ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும்.

முதல் நாளே சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்தேன், சில்வண்டு போயே போச்சு. அந்த நிம்மதி ஒரு நாள்தான். மறுநாள் வீட்டுக்காரி "சாளை கிடைச்சா வாங்கிட்டு வாங்க" என்றாள், நான் வாளை மீனோடு போய் நின்றேன். (பொரித்துத் தின்றோம், அது வேறு விஷயம்.) வடசேரி பஸ் ஸ்டாண்டில் இன்னும் மோசம், கண்டக்டர் கத்துகிறார் என்று தெரிகிறது, எந்த ஊர் என்றுதான் பிடிபடவில்லை.

திரும்பப் போனபோது, காது கேட்கிற திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் சொற்களை ஒலிக்கவிட்டு அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார். கருவியை அணைத்து ஒரு தடவை, சன்னமாக வைத்து ஒரு தடவை, நான் வைத்திருந்த அளவில் ஒரு தடவை. முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மூன்றாவதில் பாதிக்குப் பாதி தப்பு. ஆ, ஈ மாதிரி உயிரொலிகளுக்குக் கனம் உண்டு, தப்பித்துக்கொள்ளும். ச, த, க எல்லாம் லேசான ஒலி. அதிலும் ‘சாளை’யில் வருகிற ச வெறும் ‘ஸ்ஸ்’தானே, மாஸ்கர் இரைகிற இரைச்சலும் அதே ஜாதி, அதற்குள்ளேயே கரைந்துவிடுகிறது. எனக்கோ அந்தப் பக்கம் ஏற்கெனவே பள்ளம்.

அதனால் சில்வண்டை முழுசாக மூடாமல், அதுவும் இரைச்சலும் சேர்ந்தே கேட்கிற அளவுக்குக் குறைத்து வைத்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. காசு கொடுத்து வாங்கியது அதைக் கேட்கவா? மூன்று வாரம் முனகிக்கொண்டே போட்டேன். அப்புறம் ஒரு நாள் மத்தியானம்வரை சில்வண்டு ஞாபகமே வரவில்லை, பேச்சும் தெளிவாகக் கேட்டது.

மீன் ஏலம் எடுக்கிற இடத்துக்குப் போனால் மட்டும் அணைத்துவிடுகிறேன். அங்கே நடக்கிற கூச்சலில் சில்வண்டு தானாகவே அடங்கிவிடும்.