சிட்டா இல்லாத நெல்

"உங்க அப்பா பேர்ல வயல் கிடக்குல்லா சார், அதுல எழுதிப் போடுங்க. பணம் வந்த பொறவு எங்கிட்ட குடுங்க. உங்கள நம்பாம வேற யார நம்ப?"

2019 மார்ச்சில், பிசானப் பருவ நெல் அறுவடை மும்முரமாக இருந்த ஒரு மாலையில், கூட்டுறவுச் சங்க ஊழியனான நான் பட்டியல் எழுதிய அரசு கொள்முதல் களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு அந்த அக்கா என்னிடம் கேட்டது இவ்வளவுதான். நான் சொன்ன பதில் அதைவிடச் சிறியது: "சட்டத்துல இடமில்லக்கா." அதில் பொய் ஒன்றுமில்லை. இன்று யாரேனும் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அப்படியிருந்தும் அந்த இரண்டு வாக்கியங்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை.

அவருடைய நெல்லில் குறை சொல்ல ஏதுமில்லை. அம்பை 16, பொது ரகம். குவியலில் மூன்று இடங்களில் கைவிட்டு எடுத்து ஈரப்பதக் கருவியில் வைத்துப் பார்த்தேன். 17 சதவீதம் வரை வாங்கலாம், 16.4 தான் இருந்தது. கருக்காயும் (பதர்) அதிகமில்லை. அந்த ஆண்டு பொது ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,750 ரூபாய், மாநில அரசின் ஊக்கத்தொகை 50 ரூபாய், ஆக 1,800. அவரிடம் இருந்தது 38 மூட்டை. மூட்டைக்கு 40 கிலோ வீதம் 1,520 கிலோ. 27,360 ரூபாய் வரும் என்று, காகிதங்களைக் கேட்பதற்கு முன்பே, மனக்கணக்காகப் போட்டு அவரிடம் சொல்லிவிட்டேன். தொகையை முதலில் சொல்லி, தகுதியைப் பிறகு கேட்டது என் தவறு. இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

நிலம் யாருடையது என்று சொல்லும் சிட்டா, அதில் என்ன பயிர் என்று சொல்லும், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்ட அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் என்ற நான்கில் அவரிடம் பின்னிரண்டுதான் இருந்தன. நிலம் அவருடையது அல்ல. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றேகால் ஏக்கர், வாய்மொழிக் குத்தகை, வருடத்துக்கு இத்தனை கோட்டை நெல் என்று பேச்சு. (கோட்டை என்றால் 21 மரக்கால் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும் என்று எழுத ஆசைதான், இப்போது தெரிவதில்லை.) அடங்கலுக்குப் போனால், நிலத்துக்காரரிடம் எழுதி வாங்கி வரச் சொல்கிறார்கள். நிலத்துக்காரர் மும்பையில் இருக்கிறார். எழுதித் தர மாட்டார். அவரையும் என்னால் முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை. குத்தகைதாரர் என்று ஏட்டில் ஒருமுறை பெயர் ஏறிவிட்டால், 1955ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாக்கி வைத்தது போன்ற காரணமில்லாமல் வெளியேற்ற முடியாது. 1969இல் குத்தகை உரிமைகளைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே தனிச் சட்டம் ஒன்றும் வந்தது. உழுபவரைக் காப்பதற்காகக் கொண்டுவந்த அந்த ஏட்டுக்குப் பயந்துதான் நிலத்துக்காரர்கள் உழுபவரின் பெயரை எந்தக் காகிதத்திலும் விழவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

காகிதம் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. கொள்முதல் நிலையம் விவசாயிக்காகத் திறக்கப்படுவது; களத்தில் மலிவாக வாங்கிய வியாபாரி அதே நெல்லை இங்கே கொண்டுவந்து ஆதரவு விலையைத் தட்டிச் செல்லக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட கட்டுப்பாடுதான் சிட்டாவும் அடங்கலும். பயிற்சியில் எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் அதை நம்பினேன், இன்றும் பெரும்பாலும் நம்புகிறேன். 1965இல் இந்திய உணவுக் கழகமும் விலை நிர்ணயத்துக்கான குழுவும் வந்தன; 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. அதற்கு முந்திய கதை என் தாத்தா சொல்லித் தெரியும். உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பின்னரும் அதிகாரிகள் வீடு தேடி வந்து நெல்லைக் கணக்கெடுப்பார்கள். சாப்பாட்டுக்கும் விதைக்கும் போக மிச்சத்தை அரசு சொன்ன விலைக்குக் கொடுத்தாக வேண்டும். நெல் கொட்டிவைக்கும் குலுக்கையில் இருந்தால் தெரிந்துவிடும் என்று வைக்கோல் படப்புக்குள் மூட்டைகளை ஒளித்ததைத் தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார். 1952இல் இராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகுதான் படப்பு வெறும் படப்பானது. நெல் தன்னிடம் இல்லை என்று அரசிடம் சாதிக்க வேண்டியிருந்தது தாத்தா காலம். இந்த அக்காவோ நெல் தன்னுடையதுதான் என்று சாதிக்க வேண்டியிருந்தது, முடியவில்லை.

அன்று இரவு மூட்டைகளைத் திரும்பக் கட்டினார். பழைய யூரியா சாக்குகள். கட்டச் சணல் போதவில்லை என்று பச்சைக் கரை போட்ட பழைய சேலை ஒன்றை நீள நீளமாகக் கிழித்து, கோணி ஊசியில் கோத்து, ஒவ்வொரு வாயாகத் தைத்தார். களத்து விளக்கு வெளிச்சத்தில் நான் அன்றைய பட்டியலை முடித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. போகும்போது மட்டும், "உங்க கணக்குல நான் இல்லங்கியோ, சரி. நெல்லு இருக்குல்லா?" என்று கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வியாகத் தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு மினி லாரியில் நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டைகள் வந்தன. கொண்டுவந்தவரின் சிட்டா சரி, அடங்கல் சரி, கையெழுத்து சரி, பரப்புக்கும் மூட்டைக்கும் கணக்கும் பொருந்தியது. சாக்குகளைக் கவிழ்த்துக் குவிக்கும்போது நடுவில் பச்சைக் கரைத் தையல் போட்ட சாக்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சுமை தூக்குகிற தம்பி ஒருவர் அந்தக் கிழிசலைப் பிரித்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். நான் எண்ணவில்லை. எண்ணியிருந்தால் 38 வந்திருக்குமோ என்னவோ. வந்திருந்தால் ஏதேனும் செய்ய வேண்டியிருக்கும். ஈரப்பதம் பார்த்தேன், தூற்றச் சொன்னேன், அரசுச் சாக்கில் எடை போட்டேன், பட்டியல் எழுதினேன். எழுதிய பட்டியலில் பிழை கண்டுபிடிக்க எந்தத் தணிக்கையாளராலும் முடியாது. குவிண்டாலுக்கு 1,350 ரூபாய் வீதம் அந்த அக்காவுக்குக் களத்திலேயே ரொக்கமாகக் கிடைத்தது என்பது பிறகு அவர் வாயாலேயே தெரிந்தது. நான் சொல்லிவிட்ட தொகைக்கும் அவர் கையில் விழுந்ததற்கும் 6,840 ரூபாய் வித்தியாசம்.

எனக்காக நானே பேசிக்கொள்ளும் வாதங்கள் பலமானவை. கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவன் தன் தகப்பனார் சிட்டாவில் அயலார் நெல்லைப் போட்டு, பணத்தைத் தன் வீட்டுக் கணக்குக்கு வரவழைத்தால், அதற்கு ஊரில் என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். இன்று ஓர் அக்காவுக்குச் செய்தால் நாளை பத்துப் பேர் வருவார்கள். அந்தப் பத்தில் இரண்டு பேர் வியாபாரிகளாக இருப்பார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டும் பழக்கம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை என்பதால், என் பெயரில் ஒரு கறையும் விழக்கூடாது என்ற பிடிவாதமும் எனக்கு இருந்தது. (சுமை தூக்குவோருக்கு விவசாயிகள் கொடுத்ததை நான் தடுத்ததும் இல்லை, அதையும் சொல்லிவிடுவதுதான் முறை.) இத்தனையும் சரிதான். ஆனால் ஐந்தாம் நாள் நான் பட்டியல் போட்டதும் இன்னொருவர் சிட்டாவில் ஏறிய அதே நெல்லுக்குத்தான். அந்த அக்கா கேட்டதும் அதுதானே. ஒன்றை மறுக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. மற்றொன்றை ஏற்கவும் ஆகவில்லை.

என்னை இதைவிடத் தொந்தரவு செய்வது வேறொன்று. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 முதல் 20 வரை நடக்கும் கூட்டுறவு வார விழாவில் வரலாற்றைப் பேசும் வேலை என் தலையில்தான் விழும். கூட்டத்தில் பாதிப் பேர் நாற்காலி நிரப்ப அழைத்து வரப்பட்ட சுயஉதவிக் குழுப் பெண்கள். சென்னை மாகாண அரசுக்காக பிரெடரிக் நிக்கல்சன் விவசாய வங்கிகள் பற்றி 1895லும் 1897லும் கொடுத்த அறிக்கையின் சாரம் 'ரைபைசனைக் கண்டுபிடியுங்கள்' என்ற ஒரே வரி என்று ஆரம்பிப்பேன். ஜெர்மனியின் கிராமங்களில் ரைபைசன் அமைத்த கடன் சங்கங்களுக்குச் சொத்து பெரிய ஆதாரம் அல்ல. ஒரே ஊர்க்காரர்கள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள், ஒருவர் கடனுக்கு எல்லோரும் வரம்பின்றிப் பொறுப்பு. 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் கீழ் நம் கிராமச் சங்கங்களும் அந்த வரையறையற்ற பொறுப்பில்தான் தொடங்கின. ஆள் எப்படிப்பட்டவர் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும், அதுவே ஈடு. பிறகு 1954இல் வெளிவந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு அறிக்கை, விவசாயி வாங்கும் கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம்தான், வட்டிக்காரர்கள் பங்கு ஏறத்தாழ 70 என்று கண்டு சொன்னது. கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனால் அது வென்றே ஆக வேண்டும் என்று முடித்தது. கடனையும் விளைபொருள் விற்பனையையும் சேமிப்புக் கிட்டங்கியையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொன்னது. இந்த இடத்தில் கைதட்டுவார்கள்.

கையில் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் 27,360 ரூபாயை என் வீட்டுக் கணக்கில் விட்டுவைக்கத் தயாராக இருந்த ஒருவரை, நான் மேடையில் சொல்லும் கதையில் எந்த இடத்தில் வைப்பது? ரைபைசன் தேடிய ஆள் அவர்தானோ என்று சில இரவுகளில் தோன்றும். காலையில் அது அபத்தமாகப் படும்; அவர் நம்பியது சங்கத்தை அல்ல, என்னை; அப்படி ஆளை நம்பிக் கெட்டுப்போன சங்கங்களின் கணக்குகளையும் நான் பார்த்திருக்கிறேன். காகிதம் கேட்கும் பழக்கத்தில் அந்த ஊழல்களின் தழும்பும் இருக்கிறது. இருந்தும், களத்துக்கே வந்து ரொக்கம் கொடுத்த வியாபாரி அவரிடம் ஒரு காகிதமும் கேட்கவில்லை. விதைப்புக்கு முன்பணம் கொடுத்தபோதும் கேட்டதில்லையாம். அதற்கான விலையைக் குவிண்டாலுக்கு 450 ரூபாயாக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த நவம்பரில் என்னைப் பேசச் சொன்னபோது வரையறையற்ற பொறுப்பைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டேன். நேரம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பத்து நிமிடம் மிச்சமிருந்தது.

அதற்கு முன்பே, கார் பருவ நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவும் சமயத்தில், அந்த அக்கா எங்கள் சங்கத்துக்கு வந்திருந்தார். ஒரு ஜோடிக் கம்மல், நகைக் கடன். மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்து, சின்னத் தராசில் எடை போட்டு, கிராமைச் சொன்னார். நான் படிவத்தை எடுத்து ஆதாரை வாங்கி எழுத ஆரம்பித்தேன். கையெழுத்துப் போடக் குனிந்தவர் நிமிர்ந்து, சிரித்த முகமாகவே, "இதுக்குச் சிட்டா வேண்டாம்லா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உரக்கடைக்கு நேரமாகிறது, பணத்தைச் சீக்கிரம் எண்ணித் தரச் சொன்னார்.