ரேஷன் கார்டில் இல்லாத 'ஞான'

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. நேற்று சாயங்காலம் யார் துணையும் இல்லாமல் கோயில் வரைக்கும் நடந்துபோய்விட்டு வந்தார். (சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம்.) ஆபரேஷனைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள், மத்தியானம் டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார், அவ்வளவுதான். அதற்கு முந்தின இரண்டு மாதம்தான் என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்க அலைந்த கதை இது. இன்னும் சில முகங்களை நினைத்தால் வயிறு எரிகிறது. எழுத்தில் அந்தச் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேரிக்காட்டு ஓரத்தில் எங்கள் ஊர். அப்பா ஐம்பது வயது வரைக்கும் பனை ஏறினார், அப்புறம் வீட்டுக்கு முன்னாலேயே ஒரு டீக்கடை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் ஆரம்பித்த இரண்டாம் வாரம், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவைத்தவர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். ஆஞ்சியோ எடுத்ததில் மூன்று குழாயிலும் அடைப்பு. "மாத்திரையில கொஞ்ச நாள் ஓட்டலாம், ரொம்பத் தள்ளிப்போடாதீங்க. காப்பீட்டு அட்டை இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை. கையிலிருந்து கட்டினால் இரண்டே முக்கால் லட்சம். ஆஞ்சியோவுக்கே என் மனைவியின் கம்மல் அடகுக்குப் போயிருந்தது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு இந்தத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். இது எனக்கு முன்னாலேயே தெரியும். ஊரில் முகாம் போட்டபோது "நமக்கு எதுக்குலே அதெல்லாம்" என்று அப்பா சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவன் நான்தான். உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். நோயாளியை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு ஓடுகிற ஓட்டம் வேறு மாதிரி.

வருமானச் சான்று சுலபமாக முடிந்தது. இ-சேவையில் 60 ரூபாய், நாலு நாளில் கையில் வந்துவிட்டது. விஏஓ நல்ல மனுஷன்.

சிக்கல் காப்பீட்டு மையத்தில். இரண்டு பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று கவுண்டருக்குப் போனால், அந்தத் தம்பி ஆதாரையும் ரேஷன் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆதாரில் அப்பா பெயர் 'ஞான' என்று தொடங்கும். ரேஷன் கார்டில் அந்த இரண்டெழுத்து இல்லை, பின்பாதி மட்டும்தான் இருக்கிறது. பழைய புத்தக அட்டையைக் கம்ப்யூட்டரில் ஏற்றின காலத்தில் யாரோ விட்டுவிட்டார்கள். பதினைந்து வருஷமாக அரிசியும் சீனியும் வாங்கியிருக்கிறோம், ஒருத்தரும் கேட்டதில்லை.

"இது ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படி நம்புறது?"

போட்டோவைப் பாருங்கள் என்றேன். போட்டோவெல்லாம் செல்லாது, பிறப்புச் சான்று கொண்டுவாங்க, இல்லையென்றால் நோட்டரி கையெழுத்துப் போட்ட பத்திரம் கொண்டுவாங்க என்றார். அவர் மானிட்டர் ஓரத்தில் 'இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நம்ம ஆள்தான் போல என்று மனசுக்குள் ஒரு நப்பாசை. ஸ்டிக்கர் அவருக்கு உதவியிருக்கலாம், என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்பா பிறந்தது 1961. வீட்டில் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? கோயில் ரெஜிஸ்டரில் ஞானஸ்நானப் பதிவு இருக்குமே என்று அம்மாதான் சொன்னாள். சேகரத்து ஆபீசுக்கு, அதாவது எங்கள் வட்டாரத்துச் சபைகளின் ஆபீசுக்குப் போனேன். ஐயர் (எங்கள் பாதிரியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கவுன்சில் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஐயருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் பீரோவைத் திறந்து, அந்துருண்டை வாசனையோடு ஒரு பெரிய நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். பக்க ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. மை பழுப்பேறி, ஆனால் எழுத்து அச்சடித்த மாதிரி. அப்பா பெயர் 'ஞான'வோடு முழுசாக இருந்தது. தாத்தா பெயர், தொழில்: பனையேற்று. பிறந்த தேதிக்கும் ஞானஸ்நானத் தேதிக்கும் நடுவில் ஆறே நாள். இடம் என்ற கட்டத்தில் 'வீடு' என்று இருந்தது. கடைசிக் கட்டத்தில், சின்ன எழுத்தில், 'பிள்ளை மிகுந்த சுகவீனம்.'

உபதேசியார் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். "பொழைக்காதுன்னு நெனச்சு ராத்திரியோட ராத்திரியா ஐயரக் கூட்டிட்டு வந்திருக்காங்க தம்பி."

எனக்கு இது தெரியாது. வீட்டில் யாரும் சொன்னதில்லை. அன்று ராத்திரி அப்பாவிடம் கேட்டேன். "ஆமா, எங்கம்மை சொல்லுவா. ஆறாம் நாளே போக வேண்டிய ஆளு" என்று சொல்லிவிட்டு சுடுகஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

அந்தப் பதிவின் நகலை ஐயரிடம் கையெழுத்து வாங்கி, கூடவே நோட்டரியிடம் 300 ரூபாய் கொடுத்துப் பத்திரமும் எழுதி எடுத்துக்கொண்டு இரண்டாம் தடவை போனேன். அன்று கவுண்டரில் வேறு ஆள். ஞானஸ்நானச் சான்றை ஒரு ஓரத்தில் தள்ளினார்: "இது சர்ச் பேப்பர்." பத்திரத்தை இன்னொரு ஓரத்தில் தள்ளினார்: "இத யாரு கேட்டா?" ரேஷன் கார்டிலேயே பெயரைத் திருத்திக்கொண்டு வரவேண்டும், அது ஒன்றுதான் வழி என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் 300 ரூபாயும் ஒரு நாள் சம்பளமும் மிச்சம். யாராவது வாயால் ஒரு பேப்பர் கேட்டால், அதைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் பக்கத்து ஆளிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்வார்கள்.

இதற்கிடையில் வீட்டுக்கு வந்து ஜெபித்தவர்கள் கணக்கில்லை. எல்லாருமே பாசத்தில் வந்தவர்கள்தான். ஆனால் 'எல்லாம் தேவ சித்தம்' என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது, அடுத்த பஸ்ஸுக்கு என்னோடு வந்து அந்த வரிசையில் நில்லுங்கள் என்று சொல்லத் தோன்றும். என் அத்தை ஒரு படி மேலே போய், "கத்தி படாம சுகமாக்க அவரால முடியாதா அண்ணே? விசுவாசம் வேணும்" என்றாள். அப்பா கோபப்படவில்லை. "முடியும்மா. அவரு சித்தம் எதுன்னு எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது. அட்டை வந்தா போறேன். வரலைன்னா இருக்கேன்."

எனக்குத்தான் பகீர் என்றது. அந்த 'வரலைன்னா'வை நான் மனசுக்குள்ளேகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் கோயிலில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது 'உம்முடைய சித்தம்' என்கிற இடத்தில் வாயை மூடிக்கொள்வேன். அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. பனையேறின கை சும்மா இருக்குமா, சனிக்கிழமையே குருத்தை வகிர்ந்து தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சிலுவை முடைந்து கொடுத்தார். ஆராதனையில், கடவுளுக்கு நன்றி சொல்லிப் போடுகிற காணிக்கைக் கவர்களை உபதேசியார் வழக்கம்போல் வாசித்துக்கொண்டே வந்தார். பிறந்தநாள், திருமண நாள், புது வண்டி. திடீரென்று எங்கள் வீட்டுப் பெயர். "ஸ்தோத்திரக் காணிக்கை ரூபாய் ஐந்நூறு. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக."

நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா என்னைப் பார்த்தாள். கோயிலே திரும்பி அப்பாவைப் பார்த்தது. ஆராதனை முடிந்து வாசலில் நாலு பேர், "எப்ப முடிஞ்சுது? சொல்லவே இல்லியே!" அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கவரில் அப்பா எழுதியிருந்தது 'அறுவை சிகிச்சைக்காக' என்று மட்டும். முப்பது வருஷப் பழக்கத்தில் மிச்சத்தை உபதேசியார் வாயே சேர்த்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் கத்திவிட்டேன். இன்னும் அட்டையே வரவில்லை, தேதி இல்லை, ஐந்நூறு ரூபாய் நாம் இரண்டு தடவை போய்வருகிற செலவு, இப்போது எதற்கு ஸ்தோத்திரம்?

"'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்'னுதான் இருக்கு. முடிஞ்ச பெறகுன்னு போடலியே" என்றார். அப்புறம், "ஆறாம் நாளுல இருந்து கணக்குப் பாருலே. ஐந்நூறு கூடுதலா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கோபமும் போகவில்லை. அவருக்கு விசுவாசம் இருந்தது, என்னிடம் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது.

சரி, ரேஷன் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். பெயர் திருத்தத்துக்கு இணையதளத்தில் விண்ணப்பித்தேன். மூன்று வாரம் 'பரிசீலனையில்' என்றே காட்டிக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளி போனது, ஈஸ்டர் போனது. எங்கள் ரேஷன் கடையில் நிறுவை போடுகிற அக்காதான் வழி சொன்னார்: "ரெண்டாம் சனிக்கிழம குறைதீர் முகாம் நடக்கும், அங்க போ தம்பி, ஒக்காந்த எடத்துல முடிச்சுத் தருவாங்க." மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை நடக்கிற இந்த முகாம் பற்றி எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்திருந்தால் மார்ச்சிலேயே போயிருப்பேன். பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு மேடம் ஆதார் நகலைப் பார்த்தார், விண்ணப்ப எண்ணைத் தட்டினார், "ஞான, சரிதானே?" என்று கேட்டார். பத்து நிமிஷம். எனக்கு அந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழவேண்டும் போல இருந்தது. புது அட்டை அச்சாகி வருகிறவரை காத்திருக்கத் தேவையில்லை என்றும் அவரே சொன்னார். திருத்தம் ஏறின பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோனோம், மையத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்றாம் தடவை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மையம் மாடியில். ஒவ்வொரு ஆறு படிக்கும் நின்று நின்று ஏறினார். முப்பது வருஷம் பனையில் ஏறி இறங்கினவர். கைரேகை வைக்கச் சொன்னால், இயந்திரம் பிடிக்கவே இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, மறுபடி கட்டைவிரல். ஈரத்துணியால் துடைத்தோம், பக்கத்தில் வரிசையில் நின்ற ஒரு அம்மா தன் தலைக்கு வைத்திருந்த எண்ணெயை லேசாகத் தொட்டுத் தேய்த்தார். ம்ஹூம். பனஞ்சிராம்பு உரசி உரசி ரேகை இருந்த இடமே தேய்ந்து சுரைக்குடுக்கை மாதிரி வழுவழு என்றிருந்தது. அப்பா தன் விரல்களைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி. கடைசியில் கண்ணைக் காட்டச் சொன்னார்கள், கண்ணில் எடுத்துவிட்டது. வீட்டில் மண்வெட்டியோ அரிவாளோ பிடித்த கை இருந்தால், கண்ணை எடுக்கிற கருவி அங்கே இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். ஆதாரோடு செல்போன் எண்ணையும் இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று கைகொடுக்கும்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடங்கல். காப்பீட்டு அனுமதி கேட்டு அனுப்பினதில் ஆஞ்சியோ சிடியைச் சேர்க்க மறந்துவிட்டார்கள், இரண்டு நாள் போனது. சிடியை எப்போதும் கையோடு வைத்திருங்கள். அப்புறம் அனுமதி வந்தது, தேதி வந்தது. மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போன வாரம் புது ரேஷன் ஸ்மார்ட் கார்டு வந்து சேர்ந்தது. அப்பா பெயரில் 'ஞான' பளிச்சென்று இருக்கிறது. கீழே அம்மா பெயரில் கடைசி எழுத்தைக் காணோம். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அடுத்த இரண்டாம் சனிக்கிழமைக்கு இன்னும் பதினொரு நாள்.

அப்பா கார்டை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏட்டி, ஒனக்கும் ஒரு கவர் எடுத்து வையி."