இனிஷியலில் மாட்டிக்கொண்ட கம்பெனி

கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்கெல்லாம் காப்பி, மிளகு, மலைவாழைதான் பிழைப்பு. கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்போம். மிளகு காய்ந்ததும் அவர் தராசு, அவர் சொன்ன விலை. இதிலிருந்து கொஞ்சமாவது தலையை உருவிக்கொள்ளத்தான் மகளிர் குழுவில் உற்பத்தியாளர் கம்பெனிப் பேச்சு எழுந்தது; விளைவிக்கிறவர்களே பங்கு போட்டு நடத்தும் கம்பெனி அது.

சங்கமே போதாதா என்று நானும் கேட்டேன். 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த வகை இது. உற்பத்தியாளர்கள் 10 பேர், அதில் இயக்குநர்கள் குறைந்தது 5 பேர் இருந்தால் போதும். தோட்டப் பயிர், தேனீ வளர்ப்பு, வனப்பொருள் எல்லாம் அடங்கும். யார் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. என்னைச் சம்மதிக்க வைத்தது அந்த ஒரு விதிதான்.

ஆள் சேர்ந்தது, பணமும் திரண்டது. மாட்டிக்கொண்டது பெயரில். ஒரு அக்காவுக்கு ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, ரேஷன் கார்டில் எழுத்தே வேறு. கம்பெனிப் பதிவுக்கு ஆன்லைனில் போடும் டிஜிட்டல் கையெழுத்துக்கு எல்லாம் ஒத்துப்போக வேண்டும் என்றார் வத்தலக்குண்டு ஆடிட்டர். படிவமோ அப்பா பெயரைத்தான் கேட்கிறது. "எங்கப்பா பேரை எழுதி இருபத்தஞ்சு வருஷமாச்சு" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருத்தத்துக்காக மட்டும் நான்கு தடவை மலையிறங்கினோம்.

அப்புறம் ஓடிபி. இன்னொரு அக்காவின் ஆதாரோடு இணைந்திருந்தது திருப்பூரில் இருக்கும் மகன் நம்பர். பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருப்பவன் போனை எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். கடைசியில் அவனுடைய டீ இடைவேளைக்குக் காத்திருந்துதான் வேலையை முடித்தோம். வீடியோ சரிபார்ப்புக்குச் சிக்னல் கிடைத்தது பஸ் நிற்கும் வளைவில் மட்டும். சாரலில் ஒருத்தி குடை பிடிக்க, ஒருத்தி பான் கார்டைக் கேமராவுக்குக் காட்டினாள். பஸ்ஸில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ!

பதிவுச் சான்றிதழ் ஒருவழியாக வந்தது. அதிலிருந்து 90 நாளுக்குள் முதல் பொதுக்குழு கூட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துத் திண்ணையில் கூடினோம். மிளகு காயவைக்கப் பொதுக் களம் எங்கே என்பதுதான் பேச்சு. நாலு ஏக்கர்காரர் தன் வீட்டுப் பக்கம் என்றார், நாற்பது சென்ட் அக்கா ரோட்டோரம் என்றார். ஒன்றரை மணி நேரச் சண்டை. கையைத் தூக்கி எண்ணியதில் ரோட்டோரம் ஜெயித்தது.